காப்புக் கட்டிய ஊரில் இடுப்பு வலி

1

போன வாரம் என் மகள் சாந்தி பள்ளிக்கூடத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தாள். பொய் என்று நான்தான் சொல்கிறேன். அவளைக் கேட்டால் சாமி சத்தியம் என்பாள்.

டீச்சர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, "உனக்கு நேட்டிவ் எது?" என்று கேட்டிருக்கிறார். கொடைக்கானலில் எல்லாருக்கும் இப்படித்தான் பேச்சு, பாதிக்குப் பாதி இங்கிலீஷ். சாந்தி எழுந்து நின்று, மேல்மலையில் இருக்கிற ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையாம். அதையும் அவளே பெருமையாகச் சொன்னாள்.

"ஏன்டி, நாம தோட்டத்துல இருந்து வந்தவங்க. சிலோன்னு சொல்றதுக்கென்ன? வாயில முள்ளா குத்துது?"

"அது ஒங்க ஊரும்மா. நான் அங்க போனதே இல்லையே."

அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு பேணிக்குள்ளே சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேணியைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது. அந்தக் கிராமத்தின் பெயரைக் கேட்டுச் சிரிக்க அவரால் எப்படி முடிந்தது? அந்த ஊரில்தானே என் உயிர் போகப் பார்த்தது?

பதுளைப் பக்கத்திலும் ஹட்டன் பக்கத்திலும் இதைப் படிக்கப்போகிற நம் ஆட்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். பிள்ளைக் காம்பராவில் கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ராசம்மா. மாஸ்டர் வராத நாட்களில் ஸ்கூலில் போய் அ, ஆவன்னா சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். இப்போது உங்களில் பல பேர் கப்பலேற நாள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்தியா எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறீர்கள். எட்டு வருஷமாக நான் பதில் எழுதவில்லை. மகள் வாயிலிருந்து அந்த ஊர்ப் பெயர் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

நாங்கள் இப்போது இருப்பது அட்டுவம்பட்டியில், கொடைக்கானல் டவுனின் ஓரம். என் வீட்டுக்காரர் முத்தையா ஒரு பங்களாவில் பூந்தோட்டம் பார்க்கிறார். நான் செண்பகனூரில் ஒரு தையல் கடைக்குப் போகிறேன். காஜா எடுப்பேன், பட்டன் கட்டுவேன். காலையில் வெளியே வந்தால் முன்னால் போகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். குளிர், மழை, அட்டை எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். தேயிலை மட்டும்தான் இல்லை. சில நாள் மூட்டம் விலகும்போது எதிர் மலையில் கொழுந்துக்காரிகள் நிற்பார்கள் என்று கண் தானாகத் தேடும். யூகலிப்டஸ் மரம்தான் நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

பேச்சிலும் அடிவாங்கினேன். பாண் என்றால் ரொட்டி என்று கடைக்காரருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் தெருவில் எனக்கு "பாண்காரி" என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போது நானும் "சோலி கெடக்கு" என்கிறேன், "வெள்ளனே எந்திரி" என்கிறேன். சாந்தி அப்படிப் பேசினால் கோபம் வருகிறது. நான் பேசினால் எனக்கே தெரிவதில்லை.

ஆபீஸ் கதையைக் கேளுங்கள். ரேஷன் கார்டுக்குப் போனேன்.

"எந்த ஊரும்மா?"

"சிலோனுங்க."

"அது நாடு. ஊரு எது?"

"தோட்டங்க."

"யாரு தோட்டம்?"

"வெள்ளைக்காரத் துரையோடதுங்க."

"அப்ப ஒங்களுக்குன்னு ஊரு?"

பாஸ்போர்ட்டில் அய்யம்பாளையம் என்று இருந்தது. முத்தையாவின் தாத்தா அங்கிருந்துதான் கண்டிச் சீமைக்கு நடையைக் கட்டினாராம். "அப்ப அய்யம்பாளையத்துல போயி வாங்கிக்கங்க" என்றார். அங்கே போனால் கிராம முன்சீப், "கொடைக்கானல்ல குடியிருக்கிறவுகளுக்கு நான் எப்படி எழுதிக் குடுக்க?" என்றார். மேலேயும் கீழேயும் பஸ்ஸில் ஏறி இறங்கி வாந்தி எடுத்ததுதான் மிச்சம். கார்டு வந்தபோது சாந்தி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அய்யம்பாளையத்துப் பங்காளிகளைப் பற்றி என்னத்தை எழுத? தனுஷ்கோடியில் இறங்கி நேரே அங்கேதான் போனோம். முதல் நாள் கோழி அடித்தார்கள். இரண்டாம் நாள் ரசம். மூன்றாம் நாள் பெரியப்பா முறைக்காரர் வாசலில் நின்று, "எப்பக் கெளம்புறீங்க?" என்று கேட்டார். தாத்தாவின் நிலத்தில் பங்கு கேட்டுவிடுவோமோ என்று பயம். முத்தையா அன்றைக்கு அழுதார். நான் அழவில்லை. துணி மூட்டையைக் கட்டினேன்.

பூண்டுக் காட்டில் கூலி வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, மலையேறினோம். அப்படி வந்து சேர்ந்த ஊர்தான் அது. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்த ஊர்ப் பெண்கள் என் கொண்டையைப் பிடிப்பார்கள்.

3

அங்கே போகும்போது நான் முழுகாமல் இருந்தேன். உங்களுக்குத் தெரியும், என் தலைச்சன் பிள்ளை தோட்டத்தில் கால் முன்னால் வந்து, மூச்சில்லாமல் பிறந்தான். அவனை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினேன். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் எந்நேரமும் நினைப்பு. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்கே கிடக்கு. வீட்டில் பெறலாம் என்று நினைக்காதே. வலி எடுத்ததும் வந்துவிடு" என்றார். நாள் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றும் சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் கெட்டோம்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாப் பேச்சு வந்தது. அந்த ஊரில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வரி கொடுக்கிற வீடுதான் ஊர் வீடு. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம், கும்பிடலாம், அவ்வளவுதான். முத்தையா ஊர்த் தலைமை பார்க்கிற பெரியதனக்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். விறகு பிளந்து கொடுத்தார், மாட்டுக் கொட்டம் கூட்டினார். "என்னையும் ஒரு தலைக்கட்டாச் சேத்துக்கங்க, ஐயா."

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"அங்க பொறந்தோம், நீ எங்க ஆளு இல்லன்னான். அய்யம்பாளையத்துல ரத்தச் சொந்தம் இல்லன்னான். செத்தா தூக்கறதுக்கு நாலு பேர் வேணாமா? நமக்குன்னு ஒரு ஊர் வேணாமா, ராசம்மா?"

அதற்கு மேல் நான் தடுக்கவில்லை.

பெரியதனக்காரர் கடைசியில் இரங்கினார். வரியை வாங்கிக்கொண்டு, "வீட்டுல புள்ளத்தாச்சி இருக்காளே?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் நாள் கெடக்குங்க. திருவிழா முடிஞ்சு ரொம்ப நாளுக்கு அப்புறந்தாங்க."

அதோடு விட்டாரா இந்த மனுஷன்? பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு கையில் காப்பும் கட்டிக்கொண்டார். மஞ்சள் நனைத்த நூல், நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. வீட்டுக்கு வந்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தங்கக் காப்பு போட்டவன்கூட அப்படிக் காட்டியிருக்கமாட்டான்.

காப்புக் கட்டினால் ஊருக்குக் கட்டு என்பது நமக்கும் தெரியும். தோட்டத்து மாரியம்மனுக்கும் கட்டுவோமே. காப்புக்குள் ஊராட்கள் எல்லையைத் தாண்டிப்போய் இரவு தங்கக் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் தோட்டத்தில் எல்லைக்குள்ளேயே எல்லாம் இருந்தது. கோயில், குடியிருந்த லயம், ஆஸ்பத்திரி, மருத்துவச்சி, சுடுகாடு. வலி வந்தால் கொழுந்து லாரியில் ஏற்றி இரண்டு வளைவு தாண்டி இறக்குவார்கள். எல்லையைத் தாண்டாமலே பிறக்கலாம், எல்லையைத் தாண்டாமலே சாகலாம். இங்கே ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே, அரை நாள் தூரத்தில் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவே இல்லை. சிலோன்காரர்கள் தவிர வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்வார்களா?

அதோடு இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாது. காப்புக்குள் ஊரில் பிள்ளை பிறந்தால் தீட்டு. திருவிழா நின்றுபோகும். அதனால் நிறைமாதப் பெண்களைக் காப்புக்கு முன்பே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எல்லாப் பெண்ணுக்கும் தாய்வீடு பக்கத்து மலையில்தானே இருக்கும் என்று எழுதாத சட்டம். என் தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

4

காப்புக் கட்டி மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். இடுப்பில் சுளுக்கென்றது. குடத்தைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். இது சுளுக்கு இல்லை என்று தெரிந்தவளுக்குத் தெரியாதா?

அடுத்த வீடு பூசாரி வீடு. பூசாரி பெண்டாட்டி வெள்ளையம்மா அக்கா ஓடிவந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஏ புள்ள, இது வலியேதான். எம்மாரியாத்தா, இப்பப் போயி வந்துருச்சே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊரில் அன்றைக்கு நல்ல காலமாக ஒரு லாரி நின்றது. வத்தலக்குண்டிலிருந்து பூண்டு ஏற்ற வந்தது, காப்புக் கட்டிவிட்டதால் மூட்டை கிடைக்காமல் வெறும் லாரியாகத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு பாய். முத்தையா லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். பாய் தட்டாமல் சொன்னார்: "ஏத்துங்க, நான் கொண்டுபோயிச் சேக்குறேன்."

ஏறுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. என்னைக் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, போறது சரி. வெளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிருவியா?"

பிள்ளை பெறப் போகிறவளைக் கேட்கிற கேள்வியா இது? பாய் பதில் சொன்னார்: "ஐயா, போய்ச் சேரவே பொழுது சாஞ்சிரும். ரோடு கெடக்குற கெடப்பு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப போக வேணாம். காப்புக்குள்ள ஊராளு வெளிய தங்குனா ஊருக்கு ஆகாது."

"சரிங்க, அப்ப இங்கேயே பெத்துக்கிறேன்" என்றேன்.

"அய்யய்யோ! அது எப்படி? தீட்டாகிப் போகும். அம்மன் கொலுவிருக்கிற எடம்!"

நன்றாகக் கேளுங்கள். வெளியே போகக் கூடாது, உள்ளே பெறக் கூடாது. அப்போ எங்கேதான் பெறுவது? எல்லைக் கல்லுக்கு மேலேயே உட்கார்ந்து பெறட்டுமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிக்கத் தெம்பில்லை. வலி வந்து முதுகை முறித்தது. வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாடு விட்டு நாடு வந்து, கடைசியில் ஒரு மரத்தடியில் அடைபட்டுச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். தலைச்சனை நினைத்தேன். அவனைப் புதைத்த மேட்டில் இப்போது யார் கொழுந்து எடுக்கிறார்களோ என்று ஒரு நினைப்பு. அந்த நேரத்தில் என்ன நினைப்பு பாருங்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். பெரியதனக்காரர் முகத்தில் வேர்த்து ஊற்றியது. ஒரு கிழவர் எனக்கு மோர் கொண்டுவந்தார். எல்லாருக்கும் பயம். அம்மனுக்குப் பயந்தார்கள், ஆலங்கட்டி மழைக்குப் பயந்தார்கள், பூண்டு அழுகிவிடுமோ என்று பயந்தார்கள். நான் அவர்கள் பயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளையம்மா அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"ஏங்க, கட்டு யாருக்கு? ஊராளுகளுக்குத்தான? இவ ஊராளா? நேத்து வந்த சிலோன்காரி. வெளியூர்க்காரி வரலாம், போகலாம். என்ன தடை?"

பெரியதனக்காரர் யோசித்தார். "தலைக்கட்டு வரி வாங்கியாச்சே."

"திருப்பிக் குடுங்க. வாயில போட்டு முழுங்கியா புட்டீங்க?"

கூட்டத்தில் பெருமூச்சு கிளம்பியது. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பெரியதனக்காரர் குரலைத் தாழ்த்தி முத்தையாவிடம் சொன்னார்: "ஏலே முத்தையா, நாங்களாச் சொன்னா அது எங்களுக்குப் பாவம். நீயே ஒன் வாயால அம்மன் முன்னால சொல்லிரு. நாங்க இந்த ஊரு இல்லன்னு. சொல்லிட்டுப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வெரசாப் போ."

நான் முத்தையாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சிலோனில் ஒரு தடவை, அய்யம்பாளையத்தில் ஒரு தடவை, அடுத்தவன் சொல்லிக் கேட்டதைத் தன் வாயாலேயே சொல்லச் சொன்னால் ஒரு மனுஷனால் எப்படிச் சொல்ல முடியும்? இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. என் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது.

மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கோயில் வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"நாங்க இந்த ஊர் இல்ல! ஆத்தா, நாங்க இந்த ஊர் இல்ல! எந்த ஊரும் இல்ல! எங்கள விடு!"

இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பெரியதனக்காரர் இடுப்பிலிருந்து வரிப் பணத்தை எடுத்து முத்தையாவின் சட்டைப் பையில் வைத்தார். எங்களுக்குக் கிடைத்த ஊர், கிடைத்த மூன்றாம் நாளே போய்விட்டது.

5

அதற்குப் பிறகுதான் காப்பு ஞாபகம் வந்தது. என்னை லாரியில் காலிச் சாக்குகளைப் பரப்பிப் படுக்கவைத்தாயிற்று. முத்தையா ஏறக் காலைத் தூக்கினார். பூசாரி கையைப் பிடித்தார்.

"நீ எப்படிப் போவ? கையில காப்பு இருக்கே."

"அவுத்து விடுங்க சாமி."

"கட்டத்தான்ப்பா எனக்கு அதிகாரம். திருவிழா முடியாம அவுக்கிறதுக்கு இல்ல. ஆத்தா கட்டுன கட்டு அது."

வெள்ளையம்மா அக்காவும் வர முடியாது, அவர் ஊராள். ஊரில் யாருமே வர முடியாது. வெளியூர்க்காரி தனியாகப் போகலாம். வேண்டுமென்றால் புருஷன் எல்லை வரைக்கும் கூட வரலாம்.

லாரி மெள்ளக் கிளம்பியது. முத்தையா பின்னாலேயே நடந்துவந்தார். ஊர் எல்லையில் ஓர் ஓடை, ஓடைக் கரையில் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கல். அந்தக் கல் வந்ததும் அவர் நின்றார். லாரி ஓடையில் இறங்கி ஏறியது. நான் படுத்தபடி பின்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். கல்லும் அவரும் சின்னதாகிக்கொண்டே போகிறார்கள். "என்னாங்க!" என்று கூப்பிட்டேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் வந்த வெறுப்பு மாதிரி என் வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது அவர் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனார். கும்பிடுகிறாரோ என்று நினைத்தேன். பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நனைத்து முறுக்கிய நூல் சுலபத்தில் அறாது. நாய் மாதிரித் தலையை ஆட்டி ஆட்டிக் கடித்து இழுத்தார். அறுந்ததும் கல்லின்மேல் வைத்தார், விழுந்து கும்பிட்டார், எழுந்து ஓடிவந்தார். தூரத்தில் ஊர் ஜனம் ஓவென்று சத்தம் போட்டது. பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். முத்தையா ஏறி என் தலைமாட்டில் உட்கார்ந்தார். உதட்டில் ரத்தமும் மஞ்சளும்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, ராசம்மா?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். காப்பை அறுத்த பாவம் பிள்ளையின் தலையில் விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்குத் தேற்றத் தெரியவில்லை. அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

ரோடு முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் நான் அலறினேன், ஒவ்வொரு அலறலுக்கும் பாய் "அல்லா, அல்லா" என்றார், முத்தையா "ஆத்தா, ஆத்தா" என்றார். அந்த லாரியில் சாமிக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

6

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதே நர்ஸம்மா கேட்டார்: "நேம்? ஹஸ்பெண்ட் நேம்? எந்த ஊர்?"

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் அம்மன் முன்னால் கத்திவிட்டு வந்திருந்தேன், எந்த ஊரும் இல்லை என்று. முத்தையாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஊர் சொல்லும்மா, டைம் இல்ல."

"நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க" என்றேன்.

டாக்டரம்மா பிள்ளையைத் திருப்ப முயன்று, முடியாமல், வயிற்றைக் கீறித்தான் எடுத்தார். கண் முழித்தபோது பக்கத்தில் ஒரு கத்தல் கேட்டது. அந்தக் கத்தலைக் கேட்டு நான் அழுத அழுகையை நர்ஸம்மா வலி என்று நினைத்து ஊசி போட வந்தார். பெண் பிள்ளை, உயிரோடு இருந்தது. கை கால் எல்லாம் இருந்தது. முத்தையா எண்ணி எண்ணிப் பார்த்தார்.

திரும்பிப் போன பிறகு அந்த ஊரில் எங்களால் ரொம்ப நாள் இருக்க முடியவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. அந்த வருஷம் ஆலங்கட்டி மழை கொட்டி உருளைக்கிழங்குச் செடி படுத்துவிட்டது. யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் முத்தையா வேலைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். "காப்பறுத்தவன்" என்று பிள்ளைகள் சொல்வது காதில் விழும். மூட்டையைக் கட்டினேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாங்கள் இறங்கிய ஸ்டேஷன், நான் முதன்முதலில் இந்தியத் தண்ணீர் குடித்த குழாய், எல்லாம் போய்விட்டது. என்றைக்காவது திரும்பிப் போவேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் வந்த வழியும் இல்லை என்று தெரிந்தபோது யாரோ வெளியே கதவைப் பூட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

7

வெள்ளையம்மா அக்கா மட்டும் உறவை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவந்தால் எங்கள் வீட்டில்தான் கஞ்சி குடிப்பார். லீவு விட்டால் சாந்தியைக் கூட்டிக்கொண்டு போவார். நான் வேண்டாம் என்பேன். அவள் போயே தீருவாள். அங்கே போய்க் கன்றுக்குட்டியோடு படுத்து, பூண்டுப் பாத்தியில் புரண்டு, அந்த ஊர்ப் பேச்சை அள்ளிக்கொண்டு வருவாள். எட்டு வருஷமும் பங்குனியில் முத்தையா வரிக்கு என்று பணம் எடுத்து வைப்பார். யாரும் கேட்டு வரமாட்டார்கள். சித்திரையில் அந்தப் பணத்தில் சாந்திக்குக் கவுன் எடுப்போம்.

நேட்டிவ் சண்டை நடந்த அந்த வாரமே திருவிழா. கடைசி நாள் மஞ்சள் நீராட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று சாந்தி சோறு தின்னாமல் உட்கார்ந்துவிட்டாள். முத்தையா என்னைப் பார்த்தார். சரி, தொலையுது என்று கிளம்பினேன். இப்போது ஓடை வரைக்கும் பஸ் போகிறது.

இறங்கியதும் சாந்தி சிட்டாகப் பறந்துவிட்டாள். முத்தையா எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். நானும் நின்றேன். அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு இரண்டு பேரும் இந்தக் கல்லுக்கு இவ்வளவு கிட்டே வந்ததில்லை. புது மஞ்சள், புது வேப்பிலை.

வெள்ளையம்மா அக்கா ஒரு தட்டில் மாவிளக்கு மாவு எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு பெரியதனக்காரர். கண் பார்வை மங்கியிருந்தது.

"காப்பெல்லாம் அவுத்தாச்சு, உள்ள வாங்க" என்றார் அக்கா.

"இருக்கட்டுங்கக்கா. நாங்க வெளியூர்க்காரங்க" என்றார் முத்தையா. குத்தலாகச் சொல்லவில்லை. சும்மா, உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பெரியதனக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷனும் எட்டு வருஷமாக ஏதோ ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அப்போது சாந்தி குடத்தோடு ஓடிவந்தாள். தலையிலிருந்து கால் வரை மஞ்சள். பாவாடை நனைந்து ஒட்டியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பா!" என்று ஒரே ஊற்று. குடம் மஞ்சள் தண்ணீரும் முத்தையாவின் மேலே. அவர் மூச்சுத் திணறி, கண்ணைத் துடைத்து, சிரித்தார். பிறகு கையை நீட்டிப் பார்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் ஓடிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா அங்கயே நிக்கிறீங்க? வெரசா வாங்க. நம்ம ஊருக்குள்ள வர்றதுக்கு யாரக் கேக்கணும்?"

வெள்ளையம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நேரமாகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு வேப்பமரத்தடியில் நான் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது, அம்மனுக்கும் கேட்டிருக்கும். வயிற்றுக்குள் இருந்த இவளுக்கு மட்டும் கேட்கவில்லை.